கொத்துச் சவால் வைக்கப்போகும் தம்பிமாருக்கு

நம் தேயிலைத் தோட்ட இளைஞர் கழகத்துத் தம்பிமாருக்கு,

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா நோட்டீஸ் பார்த்தேன். கயிறிழுத்தல், முட்டிப் பானை உடைத்தல் எல்லாம் இருக்கிறது, சந்தோஷம். கடைசி வரியில் மூன்று ஃபுல் தட்டுக் கோழிக் கொத்து ரொட்டியை இருபது நிமிஷத்தில் தின்று முடித்தால் பரிசு 10,000 ரூபாய், வீடியோ யூடியூபில் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். கொத்துப் போட என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் போட்டிக்கு நான் போட மாட்டேன். ஏன் என்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

பதினாலு வருஷமாக ஹட்டனில் கொத்துக் கல்லுக்கு முன்னால் நிற்கிறேன். முன்பு வேலை செய்த ஒரு கடையில் இதே மாதிரி சவால் வைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பையன், பத்தொன்பது வயது இருக்கும். முதல் தட்டை ஆறு நிமிஷத்தில் முடித்தான். இரண்டாவதில் மெல்லுவதையே விட்டுவிட்டான், தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினான். திடீரென்று இரண்டு கையும் மேசை விளிம்பைப் பிடித்தன. முகம் சிவந்தது, அப்புறம் உதடு நீலமானது. சத்தமே இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. போன் பிடித்திருந்தவன், இவன் நடிக்கிறான் என்று நினைத்து இன்னும் கிட்டப் போய் எடுத்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் ரொட்டி கொத்துகிற தகட்டைக் கல்லில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

சாப்பிட வந்திருந்த ஒரு நர்ஸம்மாதான் ஓடிவந்தார். அவனை முன்னால் குனியவைத்து, முதுகில் தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஓங்கி அடித்தார். நாலாவது அடியில் ரொட்டிக் கட்டி வெளியே விழுந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, கட்டைவிரல் அளவு.

மூச்சுக்குழாய் முழுசாக அடைத்துவிட்டால் ஆளால் கத்த முடியாது, காற்று போய்வந்தால்தானே சத்தம் வரும். சில நிமிஷம் அப்படியே இருந்தால் மூளை பழுதாகிவிடும். 1990க்குப் போன் அடித்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், அருமையான சேவை. ஆனால் நம் தோட்டத்து மேல் டிவிஷன் ரோட்டில் அது ஏறி வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2024 ஓணத்தின்போது கேரளாவில், வாளையார்ப் பக்கம், இட்லி தின்னும் போட்டியில் ஒருவர் தொண்டை அடைத்து இறந்துபோனார். இட்லி! காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற சாப்பாடு அது. சீனாவில் 2021இல் உணவை வீணாக்குவதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, அளவுமீறித் தின்னும் வீடியோக்களையும் சேர்த்தே தடை செய்தார்கள். யூடியூபில் பத்துத் தட்டுத் தின்கிறார்களே என்பீர்கள். வெட்டி ஒட்டிய வீடியோவில் வாந்தி எடுத்தது தெரியாது தம்பி.

அந்த 10,000 ரூபாய்க்கு யார் வந்து உட்காருவான் என்று யோசித்தீர்களா? வேலை கிடைக்காமல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற பையன்தான். காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வருவான். மூன்று ஃபுல் கொத்தின் விலை அவன் அம்மா ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்து வாங்கும் கூலிக்கு மேல். அந்த அம்மா கூட்டத்தில் நின்று பார்ப்பார்.

வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொத்து அடிக்கிற போட்டி வையுங்கள். யார் தகடு தாளம் தப்பாமல் அடிக்கிறதோ, யார் போட்ட கொத்தைப் பெரியவர்கள் நல்லது என்கிறார்களோ, பரிசு அவனுக்கு. பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறேன். போட்ட கொத்தை எல்லோரும் ஆற அமர இருந்து சாப்பிடுவோம். கல்லும் இரண்டு சோடித் தகடும் நான் கொண்டுவருகிறேன், கூலி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருகிறேன். அந்த நர்ஸம்மாவிடமும் பேசிவிட்டேன். தொண்டை அடைத்தவருக்கு முதுகில் எப்படி அடிப்பது என்று காட்ட அவரும் வருவார். அரை மணித்தியாலம் ஒதுக்கிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கொத்துக்கடை அண்ணன்