நிலா முட்டையானால் கடல் என்ன ஆகும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிவியல் புனைவுத் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 2014 அக்டோபரில் வந்த 'கில் தி மூன்' பகுதியைக் கருணையின் கதை என்று கட்டுரையாளர் கொண்டாடியிருக்கிறார். தொடரை நானும் விரும்பிப் பார்க்கிறவன்தான். ஆனால் அந்தப் பகுதியைப் பார்த்து முடித்தபோது எரிச்சல்தான் மிஞ்சியது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2049-ம் ஆண்டு. நிலாவின் எடை கூடிவிடுகிறது, பூமியில் கடல் பொங்கிப் பேரழிவு. நிலாவைத் தகர்க்க நூறு அணுகுண்டுகளோடு ஒரு விண்வெளிக் குழு கிளம்புகிறது. காலப்பயணம் செய்யும் தொடரின் நாயகர் டாக்டரும், அவருடைய தோழி கிளாராவும், கிளாரா பாடம் நடத்தும் பள்ளியின் மாணவி கோர்ட்னியும் அங்கே போய்ச் சேர்கிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, நிலா என்பது ஒரு முட்டையாம். உள்ளே ஒரு பெரிய உயிர் வெளியே வரக் காத்திருக்கிறது. அதைக் கொல்வதா, விட்டுவிடுவதா?

நிலா முட்டையாக இருப்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. நீலப் பெட்டிக்குள் ஏறிக் காலம் தாண்டுகிற மனிதரை ஒத்துக்கொண்டவர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கக் கூடாது. ஆனால், எடை கூடியது, அதனால் கடல் ஏறியது என்பது கதை தானாகப் போட்ட கணக்கு. அதையாவது ஒழுங்காகப் போட வேண்டாமா?

அடைவைத்த முட்டையின் எடை கூடாது. ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேறிக்கொண்டே இருப்பதால், குஞ்சு பொரிக்கும் நேரத்தில் எடை குறைந்துதான் இருக்கும். குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் இதை எடை போட்டே கவனிக்கிறார்கள். வெளியிலிருந்து எதுவும் வந்து சேராமல் நிலா எப்படிக் கனத்தது? பொய்யாகவாவது ஒரு காரணம் சொல்லியிருக்கலாம்.

சரி, கனத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நிலாவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான். இந்தக் கதையில் எல்லோரும் அங்கே சாதாரணமாக நடக்கிறார்கள். டாக்டர் ஒரு யோ-யோவைச் சுழற்றி ஈர்ப்பைச் சோதித்தும் பார்க்கிறார். அப்படியானால் நிலாவின் நிறை ஏறக்குறைய ஆறு மடங்காகியிருக்க வேண்டும். கடலை அது இழுக்கிற இழுப்பும் அப்படியே.

எங்கள் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதற்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் தாழ்ந்து கன்னியாகுமரியில் படகுகள் நின்றுவிடும், சுற்றுலாப் பயணிகள் வரிசையில் காத்துக் கிடப்பார்கள். விவேகானந்தர் பாறை வரை போன படகு, திருவள்ளுவர் சிலைக்குப் போக முடியாமல் திரும்பிய நாட்கள் ஏராளம். அந்தத் தொல்லைக்காகத்தான் இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் கட்டி 2024 டிசம்பரில் திறந்தார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை ஆறு மடங்காக்கிப் பாருங்கள். காலையில் கடல் ஆள் உயரத்துக்கு ஏறிக் குளச்சலிலும் மணக்குடியிலும் தெருவுக்குள் புகும். ஆறு மணி நேரம் கழிந்தால் அதே கடல் வற்றி, விசைப்படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும். மறுபடி ஏறும். நாளுக்கு இரண்டு தடவை! கதாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவரோ, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கடல் ஏறியது என்று ஒரு வசனத்தை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். இருக்கிற தண்ணீர்தானே? ஓரிடத்தில் ஏறினால் இன்னோரிடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

வாக்கெடுப்புக் காட்சி அதைவிட வேடிக்கை. முட்டையைக் கொல்லலாம் என்பவர்கள் விளக்கை அணையுங்கள் என்று கிளாரா பூமிக்குச் செய்தி அனுப்புகிறார். நிலாவிலிருந்து பார்த்தால் தெரிவது பூமியின் ஒரு பாதி. பகலாக இருக்கும் நாடுகளுக்கு ஓட்டே கிடையாது. எங்கள் ஊரில் அந்த நேரம் பார்த்து மின்தடை வந்தால் ஊரே கொலைக்குச் சம்மதித்த கணக்காகிவிடும். கடைசியில் பூமி இருளுகிறது, அதாவது கொல்லத்தான் சொல்கிறது. கிளாரா அதை மதிக்காமல் குண்டுகளை நிறுத்திவிடுகிறார். பிறகு எதற்குக் கேட்டார்கள்?

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். முட்டை பொரியும் காட்சியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதை இவர்கள் எங்கே நின்று பார்க்கிறார்கள் தெரியுமா? பூமியில், ஒரு கடற்கரையில். கடல் பொங்கி உலகமே சீரழிந்த ஆண்டில், கரையில் ஓர் உடைந்த வள்ளம்கூட இல்லை. ஓடு சிதறுகிறது, பூமிக்கு ஒரு கீறலும் இல்லை. வெளியே வந்த உயிர் போகிற போக்கில் அதே அளவில் இன்னொரு முட்டையை இட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது; பிறந்த கையோடு, தான் இருந்த முட்டை அளவுக்கே! எல்லாம் சுபம். செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மணக்குடிப் பாலத்தைச் சுனாமி அடித்துக்கொண்டு போன மாவட்டம் இது. கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு கேட்டு இன்றும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கதையின் கருணை நிலாவுக்குள் இருந்த குஞ்சுக்குக் கிடைத்தது, கரையில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களை நினைத்துப் பேசுகிற ஒரே ஆள் குண்டோடு வந்த லண்ட்விக்தான். அந்த வேடத்தை ஹெர்மியோன் நோரிஸ் நன்றாகவும் செய்திருக்கிறார். ஆனால் கதை அவரை இரக்கமில்லாதவராகக் காட்டி ஓரங்கட்டிவிடுகிறது.

நல்லதும் உண்டு. லான்சரோட்டே தீவின் எரிமலை நிலத்தில் எடுத்த நிலாக் காட்சிகள் அருமை. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் டாக்டர் கைவிட்டுப் போனதற்காகக் கிளாரா கடைசியில் போடும் சண்டையில் டாக்டராக நடித்த பீட்டர் கப்பால்டியும் கிளாராவாக நடித்த ஜென்னா கோல்மனும் அசத்தியிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்காகவே முழுக் கதையையும் வளைத்திருக்கிறார்களோ என்று தோன்றுகிறது. 1963-ல் இந்தத் தொடர் தொடங்கியபோது, கிளாரா பாடம் நடத்தும் இதே கோல் ஹில் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஒருவர்தான் டாக்டரோடு பயணம் போனார். அவர் இருந்திருந்தால் இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பார்.

அடுத்த பகுதி வரும் என்று கட்டுரையில் இருந்தது. கட்டுரையாளர் அதில் 2007-ல் வந்த 'பிளிங்க்' பகுதியைப் பற்றி எழுத வேண்டும். நாம் பார்க்காத நொடியில் மட்டும் சிலைகள் நகரும் என்ற ஒரே விதிதான் அதில். அந்த விதியையே கடைசியில் சிலைகளுக்கு எதிராகத் திருப்பிக் கதையை முடிக்கிறார்கள்.

- ஒரு வாசகர்,
மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி மாவட்டம்