ஹைட்ராலிக் எண்ணெய் தவறாக ஊற்றப்பட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்: கால்வாய், குழாய் பதிப்புக் குத்தகையாளர், புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு
பெறுநர்: சர்வீஸ் மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு மினி எக்ஸ்கவேட்டர், மூன்றரை டன். அதை நம்பித்தான் என்னோடு சேர்த்து ஐந்து குடும்பங்கள் பிழைக்கின்றன. 1,000 மணி நேர சர்வீஸுக்காகச் சென்ற மாதம் உங்கள் பட்டறையில் விட்டு 1,480 மலேசிய வெள்ளி கட்டினேன். ரசீதில் "ஹைட்ராலிக் ஆயில் 40 லிட்டர்" என்று மட்டும்தான் இருந்தது. எந்த கிரேடு என்று எழுதவில்லை.

மூன்றாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. காலையில் நன்றாகத்தான் ஓடும். வெயில் ஏறி எண்ணெய் சூடானதும் பம்ப் இரையும், பூம் என்கிற தூக்கும் கை தளர்ந்துவிடும், மண் அள்ளும் வேகம் பாதியாகும்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. ஜூரு பக்கம் சிமெண்டுக் குழாய் இறக்கினோம். சங்கிலியில் தொங்கிய குழாயைக் குழிக்கு மேலே நிறுத்திவிட்டு லீவரிலிருந்து கையை எடுத்தேன். குழிக்குள் என் அக்கா மகன் குழாயின் வாயைப் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தான். யாரும் எதையும் தொடாமலே குழாய் ஒரு சாண் இறங்கியது. "மாமா!" என்று அவன் கத்தினான். உடனே தூக்கினேன். அவன் கையுறையின் நுனி மட்டும் கிழிந்தது. அன்றைக்கு மேற்கொண்டு வேலை செய்ய எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் உங்கள் பட்டறைக்கே வந்தேன். "எல்லாம் ஒரே ஆயில்தான் அண்ணே, நம்பர்தான் வேற" என்றார் மெக்கானிக். மூலையில் இருந்த டிரம்மை நானே திருப்பிப் பார்த்தேன். லேபிளில் 32 என்று இருந்தது. இயந்திரத்தின் கையேடு நம் ஊர் வெப்பத்துக்கு 46 ஊற்றச் சொல்கிறது.

ஐயா, அந்த நம்பர்தான் விஷயமே. 40 டிகிரி வெப்பத்தில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. குளிர் நாட்டுக்கு 32 பொருந்தலாம். இங்கே அது சூட்டில் இன்னும் நீர்த்துப்போய், பம்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் கசிகிறது. கசிவதாலேயே சூடு கூடுகிறது, சூடு கூடினால் மேலும் நீர்க்கிறது. இரும்போடு இரும்பு உரசிப் பம்ப் தேய்ந்தால் அந்தச் செலவை யார் ஏற்பது?

ரேடியேட்டரிலும் இருந்த பச்சைக் கூலண்ட்டோடு சிவப்பை ஊற்றியிருக்கிறார்கள். வகை பார்க்காமல் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் மருந்தின் பலன் போய்விடும். அதையும் முழுதாகக் கழுவி மாற்ற வேண்டும்.

தொட்டியை மட்டும் வடித்துவிட்டு 46 ஊற்றினால் போதாது. சிலிண்டரிலும் ஹோஸிலும் பழைய எண்ணெய் தங்கியிருக்கும். ஊற்றி, ஓட்டி, மறுபடியும் வடித்து, புது ஃபில்டர் போட்டுத் தர வேண்டும். பம்பின் அழுத்தத்தை அளந்து எழுத்தில் தர வேண்டும். மூன்று நாள் வேறு இயந்திரம் வாடகைக்கு எடுத்த 1,350 வெள்ளியையும் திருப்பித் தர வேண்டும். இனி எனக்கு மட்டுமல்ல, யாருக்கும் கிரேடு எழுதாத ரசீது கொடுக்காதீர்கள்.

இப்போது தொட்டியில் உள்ள எண்ணெயில் கொஞ்சம் எடுத்து ஒரு போத்தலில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை 8 மணிக்கு இயந்திரம் ஜூரு வேலையிடத்தில் நிற்கும். சீல் உடைக்காத டிரம்மோடு வாருங்கள். என் முன்னால் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்