ஒன்பது மாதமாகியும் தவழாத பாப்பாவின் அம்மாவுக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

குழந்தை வளர்ச்சி ஆப்பிலிருந்து எடுத்து ராத்திரி ஒரு மணிக்கு நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். ஒன்பதாம் மாதத்துக்கு நேரே 'தவழும்' என்று போட்டிருக்கிறது, உன் மகள் தவழவில்லை, எதிர் வீட்டுப் பையன் ஏழு மாதத்திலேயே வாசற்படியைத் தாண்டிவிட்டான், அத்தை வேறு "எங்க பையன் எட்டு மாசத்துல சுவரைப் பிடிச்சு நின்னான்" என்று தினமும் சொல்கிறார். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இதே கவலையில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள் என்று பொதுவிலேயே போடுகிறேன், உன் பேர் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

முதலில் வயதுக் கணக்கு. பாப்பா 35 வாரத்தில் பிறந்தவள், அதாவது 40 வாரக் கணக்குக்கு ஐந்து வாரம் முன்னால். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் (தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான்). அப்படிப் பார்த்தால் அவளுக்கு இன்னும் எட்டு மாதம்கூட நிறையவில்லை. இதை அந்த ஆப்பில் யாரும் உன்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. நன்றாக வளரும் குழந்தைகளே பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கிறது. கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 வரை. தானாக நடப்பது 8.2 முதல் 17.6 வரை. இவ்வளவு அகலமான இடைவெளியை நசுக்கி ஒரே மாதமாகப் போட்டால் பாதித் தாய்மார் தூக்கம் போகத்தான் செய்யும். இன்னொன்று, அந்த ஆய்விலேயே நூற்றுக்கு நாலு குழந்தைகள் கை முட்டி ஊன்றித் தவழவே இல்லை. நீ அனுப்பிய வீடியோவில் பாப்பா உட்கார்ந்தபடியே ஒரு காலால் தரையை உந்தி உந்தி நகர்கிறாள், பார்த்தாயா? சில பிள்ளைகள் இப்படியே நகர்ந்து நகர்ந்து ஒருநாள் எழுந்து நின்றுவிடும், நடப்பதற்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகலாம்.

அதே வீடியோவில் நீ கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். கிலுகிலுப்பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுகிறாள், நழுவி விழுந்ததும் எங்கே போனது என்று குனிந்து தேடுகிறாள். கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கேயோ இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடத் தொடங்கிவிட்டது. போன வாரம் சித்தப்பாவைப் பார்த்ததும் வீறிட்டதும் இதோடு சேர்ந்ததுதான், வீட்டு ஆள் யார் வெளி ஆள் யார் என்று பிரித்துப் பார்க்கிற வயது இது. அவரிடம் சொல்லிவிடு, வருத்தப்படப் போகிறார். இனி தட்டில் ஒரு சோற்றுப் பருக்கையை வைத்துப் பார். இப்போது உள்ளங்கையால் வாரிப் பிசைவாள், இன்னும் கொஞ்ச நாளில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அந்த ஒற்றைப் பருக்கையைக் கிள்ளி எடுக்கும்.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டுவது சப்பாணி, ஒரு வயதை ஒட்டி நடந்து வா என்று கூப்பிடுவது வருகை, ஒன்றரை வயதில் நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி. கடைசியாகச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தூரத்தில் இருப்பதை விரலால் சுட்டி, நீயும் அதைப் பார்க்கிறாயா என்று குழந்தை உன் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பார், பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் சாப்பாடு ஊட்டப் போனைக் காட்டாதே, மொட்டை மாடிக்குத் தூக்கிப் போ. இரண்டு வயதில் 'அம்மா பால்', 'பூனை போச்சு' என்று இரண்டிரண்டு சொல்லாகச் சேர்ப்பாள்.

வாக்கர் வாங்கித் தருகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னாராம், வேண்டவே வேண்டாம். அதில் விட்டால் சீக்கிரம் நடக்கும் என்பது கதை. நுனிக்காலில் உந்திப் பழகும், கண்ணிமைக்கும் நேரத்தில் படிக்கட்டில் உருளும். கனடாவில் 2004லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். மரத்தில் செய்த நம் மூன்று சக்கர நடைவண்டி வேறு, அதைத் தானாக நிற்கிற பிள்ளை பின்னால் நின்று தள்ளும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். இப்போது தரையில் பாயை விரித்துக் குப்புறப் போடு, கைக்கு எட்டியும் எட்டாமலும் கரண்டியை வை, போதும்.

எடைக்கும் இப்போதே சொல்லி வைக்கிறேன். உலக சுகாதார நிறுவன அட்டவணையில் நடுவில் இருக்கிற பெண் குழந்தை பிறக்கும்போது 3.2 கிலோ, ஒரு வயதில் 8.9, இரண்டு வயதில் 11.5. முதல் வருடம் ஏறியதில் பாதிகூட இரண்டாம் வருடம் ஏறாது. பசியும் குறையும். 'ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறா' என்று வீடே அப்போது புலம்பும், நீ சேர்ந்து புலம்பாதே.

எதற்குத்தான் டாக்டரிடம் ஓடுவது? மூன்று மாதம் தாண்டியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, சத்தத்துக்குத் திரும்பாதது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையைச் சும்மா வைத்திருப்பது, 18 மாதமாகியும் நடக்காதது அல்லது விரல் சுட்டாதது, எல்லாவற்றுக்கும் மேலே, வந்த பேச்சோ விளையாட்டோ திரும்பப் போய்விடுவது. இதில் ஒன்று இருந்தாலும் 'போகப் போகச் சரியாகிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதே. பாப்பாவிடம் இதுவரை இதில் எதுவும் நான் பார்க்கவில்லை.

இந்த வாரம் ஒன்பதாம் மாத ஊசிக்குப் போகும்போது தாய் சேய் அட்டையை மறக்காமல் எடுத்துப் போ, எடையைப் புள்ளி வைத்துக் கோட்டில் சேர்க்கச் சொல், 35 வாரத்தில் பிறந்ததை நீயே வாய்விட்டுச் சொல். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா