பத்மாவிடம் நீதான் பேச வேண்டும்

சிங்கப்பூர்
சீனப் புத்தாண்டு, இரண்டாம் நாள்

அன்புள்ள மீனா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் ரவியும் சுகம்தானே? தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. ஆகவே யாரும் யாரையும் திட்ட வேண்டாம். விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கூட்டத்துத் தலைவர் மறுபடியும் கிளம்பிவிட்டார்.

அதே தலைவர்தான். தைப்பூசத்தன்று காவடி பார்த்துவிட்டு நம் கூட்டம் வழக்கம்போலத் தேக்காவில் போய் உட்கார்ந்தது. தோசை பாதியில் இருக்கும்போதே மனிதர் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? பச்சை ஃபைல் போய் இப்போது ஐபேட் வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். "டாட் காம் இருக்கிறது, டாட் ஷாப் இருக்கிறது, டாட் தமிழ் எங்கே?" என்று கேட்டார். இணைய முகவரியின் கடைசியில் வருகிற சொல்தான், அதில் தமிழுக்கும் ஒன்று வாங்க வேண்டுமாம். நம் கூட்டாளி கொசு கைதட்டினான். பக்கத்து மேசையிலும் இரண்டு பேர் தட்டினார்கள். பில் வருவதற்குள் ஒரு குழு அமைந்து, அதில் நான் தொழில்நுட்ப ஆலோசகர் ஆகியிருந்தேன். ஆபீஸில் நெட்வொர்க் பக்கம் வேலை செய்கிறேன் என்பது தகுதியாம்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் பத்மா அங்கேயே இருபதாயிரம் வெள்ளி தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். 55 முடிந்ததும் எடுத்து வைத்தாளே, அந்த சிபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணம். எனக்குத் தோசை அதற்கு மேல் இறங்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் சொன்னது முழுப் பொய் இல்லை. அதுதான் தொல்லையே. கிண்டல் செய்வதற்காகத்தான் படிக்க உட்கார்ந்தேன், படிக்கப் படிக்க எனக்கே ஆசை வந்துவிட்டது. ஐகேன் என்று ஓர் அமைப்பு இருக்கிறதே, முகவரியின் கடைசிப் பகுதியில் என்னென்ன வரலாம் என்று முடிவு செய்வது, அது 2012இல் ஒரு முறை கதவைத் திறந்தது. 1,930 விண்ணப்பங்கள் வந்தன. டாட் ஷாப், டாட் ஆப், டாட் லண்டன், டாட் டோக்கியோ எல்லாம் அப்படி வந்தவைதான். அதற்குப் பிறகு இந்த ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதிதான் மறுபடியும் திறக்கிறார்கள். ஆகஸ்ட் 12 அன்று மூடிவிடுவார்கள். அடுத்தது எப்போது என்று யாரையும் நம்பிச் சொல்ல முடியாது, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவே பதினான்கு வருஷம் ஓடிவிட்டதே.

இன்னொன்று தெரியுமா? அந்த 2012 வேடிக்கைக்கெல்லாம் அனுமதி கொடுத்த ஓட்டெடுப்பு நடந்தது நம் ஊரில். 2011 ஜூன் 20, ஐகேன் கூட்டம் இங்கே நடந்தபோது. ஆதரவு 13, எதிர்ப்பு 1, நடுநிலை 2. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளையும் முகவரியில் கொண்டுவரலாம் என்று 1998 வாக்கிலேயே முயன்று பார்த்தவர்களில் நம் தேசியப் பல்கலைக்கழகத்து டான் டின் வீ குழுவும் உண்டு. அதற்கும் முன்னால் 1995இல் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டியதை நீயும் நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாயைப் பிளந்து பேசிக்கொள்ளவில்லையா? இவ்வளவும் நடந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு மூல வலயத்தில், அதாவது இந்தக் கடைசிப் பகுதிகளின் மொத்தப் பட்டியலில், தமிழ் எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் மூன்றே மூன்று. சிங்கப்பூர், இந்தியா, இலங்கை. மூன்றும் நாட்டின் பெயர்கள். மலேசியாவில் உட்கார்ந்து தமிழில் எழுதும் உனக்கு அந்த மூன்றில் எது பொருந்தும், சொல்லு.

கட்டலான்காரர்களைப் பார். தனி நாடு கிடையாது, ஸ்பெயினுக்குள் இருக்கிறார்கள். தங்கள் மொழிக்காகவும் பண்பாட்டுக்காகவும் டாட் கேட் என்று 2005இலேயே வாங்கிவிட்டார்கள். கேட் என்றால் பூனை இல்லை, கட்டலான் என்பதன் முதல் மூன்றெழுத்து. ஒரு லட்சத்துக்கும் மேல் முகவரிகள் ஓடுகின்றன. பாஸ்க் மொழிக்கு ஒன்று, பிரெட்டன் மொழிக்கு ஒன்று, வேல்ஸுக்கு இரண்டு. எட்டுக் கோடிப் பேர் பேசும் நமக்கு ஒன்றும் இல்லை. இதைப் படித்த இரவு நானும் தலைவர் கட்சிக்குப் போய்விட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

அப்புறம் கட்டணப் பக்கத்தைத் திறந்தேன்.

ஒரு விண்ணப்பத்துக்கு 2,27,000 அமெரிக்க டாலர். நம் காசுக்கு மூன்று லட்சம் வெள்ளியை நெருங்குகிறது. இது பெயருக்கான விலை என்று நினைத்துவிடாதே, விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கு மட்டும். பாதியில் வேண்டாம் என்று விலகினால் முழுசாகத் திரும்பாது. இல்லாதவர்களுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதியைக் குறைக்கும் உதவித் திட்டம் ஒன்று இருந்தது, லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கும் சேர்த்து. சென்ற ஆண்டு இறுதியோடு அந்தக் கதவும் மூடியாயிற்று. தலைவர் அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டார். கிடைத்த பிறகு ஐகேனுக்கு ஆண்டுதோறும் 25,000 டாலருக்கு மேல் நிலைக்கட்டணம். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்குத் தனி. மோசடிப் புகார் வந்தால் பதில் சொல்ல ஆள். ஆண்டுதோறும், மீனா. ஒரு வருஷம் கட்டிவிட்டு விட்டுவிட முடியாது, அந்தப் பெயரில் முகவரி வாங்கியவர்கள் எல்லாரும் நம்மை நம்பி இருப்பார்கள்.

வேறொருவரும் அதே பெயரைக் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "தமிழுக்கு யார் போட்டி?" என்றார் தலைவர். யாரும் விலகாவிட்டால் ஐகேனே ஏலம் விடும். போன சுற்றில் டாட் ஷாப் 4.15 கோடி டாலருக்குப் போனது. டாட் வெப் 13.5 கோடி. ஒரு மொழிச் சமூகத்தின் சார்பில் விண்ணப்பித்து அதை நிரூபித்தால் ஏலத்தைத் தாண்டலாம். ஆனால் யார் அந்தச் சமூகம்? தேக்காவில் தோசை சாப்பிட்டவர்களா? தனி ஆளும் விண்ணப்பிக்க முடியாது, பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். நம்முடையது ஒரு வாட்ஸ்அப் குழு. அதிலும் பாதி பேர் காலை வணக்கப் படம் போடுகிறவர்கள்.

இதற்கெல்லாம் தலைவரிடம் ஒரே பதில்: அங்குவில்லா. கரீபியன் கடலில் பதினைந்தாயிரம் சொச்சம் பேர் இருக்கும் தீவு, டாட் ஏஐ அவர்களுடையது. 2023இல் அதை விற்றே 3.2 கோடி டாலர் வந்தது, அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். "அந்தத் தீவுக்கு முடியும், நமக்கு முடியாதா?" என்று கேட்டு ஐபேடில் படம் காட்டுகிறார். அவர்கள் விண்ணப்பிக்கவும் இல்லை, பரிசீலனைக் கட்டணம் கட்டவும் இல்லை. நாட்டுக்கு உரிய இரண்டெழுத்து 1995இல் தானாக வந்தது, பிற்பாடு உலகம் ஏஐ ஏஐ என்று அலைய ஆரம்பித்தது. சும்மா கிடைத்த புதையலைக் காட்டி மற்றவர்களைத் தோண்டச் சொல்கிறார்.

நான் பதிலுக்கு டாட் வெட் கதையைச் சொன்னேன். கல்யாணத்துக்கென்றே வாங்கிய பெயர். உலகத்தில் கல்யாணத்துக்கா பஞ்சம்? ஆனால் முகவரி வாங்க ஆளில்லை. 2017 கடைசியில் நடத்தியவர்களால் முடியாமல் போய், இதற்கென்று தயாராக வைத்திருக்கும் அவசர நிறுவனம் ஒன்று வந்து எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. இந்தப் புதுப் பெயர்களில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. "கல்யாணமே நிலைக்கவில்லை, தலைவரே" என்றேன். கொசு மட்டும் சிரித்தான்.

சரி, காசை விடு. யாராவது ஒரு வள்ளல் மொத்தத்தையும் கொடுத்தார் என்றே வை. நம் கௌரி கதையைக் கேள். அவள் கேட்டரிங் தொடங்கியபோது நானே சொல்லி, கௌரிசமையல் என்று போட்டு டாட் சிங்கப்பூர், தமிழ் எழுத்திலேயே வாங்கிக் கொடுத்தேன். அரசாங்க அடையாளச் சேவையான சிங்பாஸில் போய் இன்னார்தான் என்று உறுதி செய்தாள், முகவரிப் பட்டையில் தமிழ் வந்து நின்றது. அக்காவும் தங்கையும் போட்டோ எடுத்துக்கொண்டோம். பிறகு அதை நகலெடுத்து வாடிக்கையாளர் குழுவில் போட்டாள். அங்கே விழுந்தது என்ன தெரியுமா? எக்ஸ் என், இரண்டு கோடு, அதற்குப் பின்னால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு சரம், புள்ளி, மறுபடியும் எக்ஸ் என், இரண்டு கோடு, இன்னொரு சரம். உள்ளே இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் வடிவம் அது. அதைப் பார்த்த ஆன்ட்டிகள் வரிசையாகக் கேட்கிறார்கள், "கௌரி, உன் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்களா?" இந்த ஊரில் லிங்க் என்றாலே மோசடி என்று எல்லாரும் மோசடியைச் சரிபார்க்கும் ஸ்கேம்ஷீல்ட் செயலியைத் தேடும் காலம். ஒருத்தர்கூடத் தட்டிப் பார்க்கவில்லை.

அதே பெயரில் மின்னஞ்சலும் வைத்தாள். மாவு மொத்தமாக வாங்குகிற இடத்தில் படிவம் நிரப்பும்போது அந்த முகவரியைப் போட்டிருக்கிறாள். "சரியான மின்னஞ்சல் முகவரியை இடவும்" என்று சிவப்பில் வந்தது. எவ்வளவு போட்டாலும் சிவப்புதான். கடைசியில் ஜிமெயிலைக் கொடுத்து மாவு வாங்கினாள்.

இன்னும் நுணுக்கமானது ஒன்று. அவள் பெயரின் முதல் எழுத்தையே பார். 'கௌ' என்று ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டாவதை எவனாவது வாங்கி அதே படங்களைப் போட்டு முன்பணம் வசூலித்தால் யார் கண்டுபிடிப்பது? டாட் தமிழ் நடத்துகிறவர்கள் இதையெல்லாம் யோசித்து, ஒன்றைக் கொடுத்தால் மற்றதைப் பூட்டி வைக்க வேண்டும். தமிழ் எழுத்தும் தெரிந்த, கணினிக்குள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடும் தெரிந்த ஆட்கள் வேண்டும். நம் குழுவில் "யூனிகோடு என்றால் முரசு அஞ்சல் மென்பொருள் மாதிரியா?" என்று கேட்டவர்தான் பொருளாளர்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் தலைவரிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கட்டலான்காரர்கள் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் அங்கே தனிநாடு கேட்டு வாக்கெடுப்பு நடத்தப் போன சமயம். டாட் கேட் அலுவலகத்துக்குள் ஸ்பெயின் போலீஸ் புகுந்து சோதனை போட்டு, அங்கே வேலை செய்தவரைக் கைது செய்தது. வாக்கெடுப்புக்காக வைத்த பக்கங்களை முடக்கச் சொல்லி உத்தரவு. முகவரி விற்கிற அலுவலகம்டி அது. ஒரு மொழியின் பெயரைக் கையில் வைத்திருந்தால் ஒரு நாள் யாராவது வந்து கதவைத் தட்டி, இந்தப் பக்கத்தை எடு, அந்தப் பக்கத்தை எடு என்பார்கள். தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை நாட்டில், எத்தனை சண்டையோடு இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார். அப்போது முடியாது என்று சொல்லும் தெம்பும், சொல்ல வைத்திருக்கும் வக்கீலும், ஐம்பது வருஷம் நிற்கும் கட்டமைப்பும் உள்ள ஒரு பல்கலைக்கழகமோ அறக்கட்டளையோ இதை எடுத்தால் நானே போய் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா வேலை செய்வேன். மனப்பூர்வமாகச் சொல்கிறேன். டாட் தமிழ் வர வேண்டும். தலைவர் கையில் வரக் கூடாது.

அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். காசைத் தொடமாட்டார். ஆனால் அந்த நாடக விழாவுக்கு மண்டபம் பிடித்த மாதிரி இதையும் நினைக்கிறார். இந்த வாரம் முழுவதும் புத்தாண்டு அங்பாவ் பண உறை கொடுக்கிற உற்சாகத்தில் இருக்கிறார், குழுவில் தினமும் ஒரு பெயர் சேர்கிறது. மற்றவர்கள் ஐம்பது நூறு எழுதியிருக்கிறார்கள். போனால் போகட்டும். பத்மாவுடையது அப்படி இல்லை. சங்கரன் போன பிறகு அவளுக்கு என்ன இருக்கிறது என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் சொல்லிப் பார்த்தேன். "நீ எப்பவுமே இப்படித்தான், எதையும் செய்ய விடமாட்டே" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். தமிழுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்கிறாள். அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

நீ சொன்னால் கேட்பாள். பினாங்கில் இருந்தாலும் இன்றைக்கும் உன் பேச்சுக்குத்தான் மதிப்பு, எரிச்சலாக இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன். பணத்தைக் கொடுக்காதே என்று நேராக ஆரம்பிக்காதே, போனை வைத்துவிடுவாள். அவள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தமிழில் தட்டச்சுச் சொல்லித்தர ஆள் இல்லை என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அங்கே அவள் பெயரை நான் சொல்லலாமா என்று கேட்டுப் பார். மார்ச் முதல் வாரம் குழு மறுபடியும் கூடுகிறது, பணத்தை அன்று மாற்றுவதாகப் பேச்சு. அதற்குள் கூப்பிடு. பேரனைத் தூங்கவைத்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல்தான் போனை எடுப்பாள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

ரவியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
கலா