பூட்டிக்கிடக்கும் பிளவை அளப்பது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏற்காட்டில் லேசான நில அதிர்வு வந்த அன்று, எங்கள் அடுக்களை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கலகலவென்று உரசிக்கொண்டன. மறுநாள் செய்தித்தாள்களில் ரிக்டர் எண் மட்டும்தான் பார்த்தேன். நிலநடுக்கத்துக்கு முன்பே நிலம் எப்படி நகர்கிறது என்பதையும் எழுதுங்களேன்.

நிலத்தடிப் பாறை உடைந்து, இரு பக்கமும் நகரக்கூடிய இடம்தான் பிளவு. அதன் இரு பக்கமும் பாறையில் ஜிபிஎஸ் கருவி பதித்து வருடக்கணக்கில் அளக்கிறார்கள். மில்லிமீட்டர் நகர்வுகூடத் தெரிந்துவிடும். பிளவை ஒட்டிய கருவிகளே ஒன்றையொன்று தாண்டி நகர்ந்தால், நிலம் சத்தமில்லாமல் வழுக்குகிறது என்று பொருள். கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் நடுப்பகுதி அப்படித்தான். பக்கத்து ஹாலிஸ்டர் ஊரில் அதன் கிளைப்பிளவு ஒன்று நடைபாதை ஓரக்கல்லையே கோணலாக்கி வைத்திருக்கிறது.

கவலைப்பட வேண்டியது வேறு. அருகில் உரசலே இல்லாமல், தூரத்துக் கருவிகள் மட்டும் நெருங்கி வந்தால் பிளவு பூட்டிக்கிடக்கிறது. வளைத்த மூங்கில் போல விசை சேர்ந்துகொண்டே போகிறது. இமயமலைக்கு அடியில் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. நகர்வு இப்படிச் சேர்கிறது. 2015-இல் நேபாளத்தில் அதன் ஒரு துண்டுதான் விடுபட்டது. எத்தனை ஆயிரம் உயிர்கள் போயின!

சேலம் கண்டத்தட்டின் எல்லையில் இல்லை, சரி. ஆனால் நகர்வு சிறிதாக இருக்கும் இடத்தில்தான் பல்லாண்டுப் பதிவு தேவைப்படுகிறது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை கருவி பதிக்க நல்ல உறுதியானது. இங்கே கிடைக்கும் அளவீடுகளை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் அரசு வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர், ஏற்காடு