மெனுவிலிருந்து தொடங்கு

அன்புள்ள மகளுக்கு,

அந்தக் காபிக்கடைக்குப் புதுத் தோற்றம் கொடுக்க நீ வரைந்து அனுப்பிய மூன்று லோகோக்களையும் பார்த்தோம். அம்மாவுக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. ஆனால் மெனுவைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அதுதான் யோசனையாக இருக்கிறது. காபிக்கடைக்கு வருகிறவர்கள் லோகோவைப் பார்த்தபடியே கடந்துபோவார்கள், மெனுவைத்தான் நின்று படிப்பார்கள். எழுத்து, நிறம், அளவு எல்லாவற்றையும் அங்கே தீர்மானித்துவிட்டால் பெயர்ப்பலகையும் கோப்பையும் தானாக அதன் வழிக்கு வந்துவிடும்.

முதலில் கடைக்காரரிடம் சில மாத பில் கணக்கைக் கேட்டு வாங்கு. 1982இல் கசவானா, ஸ்மித் என்ற இருவர் மெனுவை நான்கு கூறாகப் பிரிக்கும் முறையைச் சொன்னார்கள்: நன்றாக விற்று லாபமும் தருபவை, விற்றாலும் லாபம் குறைந்தவை, லாபம் இருந்தும் அதிகம் விற்காதவை, இரண்டும் இல்லாதவை. உன் கைவண்ணத்துக்கு வேலை இருப்பது மூன்றாவதில். பெயர் புரியாததாலேயே பலர் அதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். ‘கார்ட்டாடோ’ என்று மட்டும் போடாமல், ‘எஸ்பிரெஸ்ஸோவும் ஏறக்குறைய அதே அளவு சூடான பாலும்’ என்று கீழே சின்னதாக எழுதிப் பார். நான்காவது கூறை நீக்கலாம். ஆனால் கடைக்காரரைக் கேட்காமல் நீக்காதே. அதற்காகவே தினமும் வருகிற பழைய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கக்கூடும், அது கணக்கில் தெரியாது.

இனி, அச்சகத்தில் இருந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். திரையில் நீ பார்க்கும் நிறம் ஒளி. தாளில் வருவது நான்கு மைகளின் கலவை. காபிக்கடை என்றாலே எல்லோரும் தேடிப்போகும் அந்தக் கரும்பழுப்பு, அச்சில் சட்டென்று சேறாகிவிடும். அதன் நடுவே மெல்லிய எழுத்தை மை படாத வெள்ளையாக விட்டால், சுற்றியுள்ள மை கசிந்து அடைத்துக்கொள்ளும். மாதிரி ஒன்று அடித்து, கடையின் விளக்கு வெளிச்சத்திலேயே வைத்துப் பார். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், விளக்கு அதில் பட்டுக் கண் கூசும். பளபளப்பில்லாத மேட் போதும்.

சுவரில் மாட்டும் பலகைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓரங்குல எழுத்து. தமிழிலும் போடுவதாக இருந்தால், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே வைக்காதே. மேல்வரி ‘ழு’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் இடித்துக்கொள்ளும்.

லோகோ எதுவானாலும், ஒரே கறுப்பு மையில் கட்டைவிரல் நகத்தளவில் அடித்துப் பார். அதிலும் அடையாளம் தெரிந்தால் சரி.

இன்னொன்று. பழைய கடையிலிருந்து ஏதாவது ஒன்றை, நிறத்தையோ எழுத்தையோ, விட்டுவை. தினமும் வருகிறவர்களுக்குக் கை மாறிவிட்டதோ என்று தோன்றக் கூடாது. எதை விடுவது என்று அங்கே வேலை செய்பவர்களைக் கேள். உன்னைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முதல் புரூஃபை, அதாவது அச்சு மாதிரியை, எனக்கும் தபாலில் அனுப்பு. போனில் படமாக வேண்டாம், தாளாகவே அனுப்பு.

அன்புடன்,
அப்பா