டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பும் நோயாளிகளுக்கு வீட்டிலேயே தெரபி கிடைக்க வழி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பக்கவாதம், தலைக்காயம் அடைந்தவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தினர்,
சேடபட்டி ஒன்றியம், பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போனவர்கள், பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வயதானவர்கள் என்று எங்கள் ஊர்களில் பலர் கட்டிலோடு கிடக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றுவதில் அரசு குறை வைக்கவில்லை. 2021இல் இன்னுயிர் காப்போம் திட்டம் வந்த பிறகு, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை காசில்லாமல் கிடைக்கிறது. இதை நன்றியோடு சொல்கிறோம். எங்கள் பாடு தொடங்குவது டிஸ்சார்ஜ் ஆன மறுநாள்தான்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே 'பிசியோதெரபி தொடரவும்' என்று ஒரு வரி இருக்கும். யார் செய்வார்கள், எங்கே போவது என்று இருக்காது. உட்காரவே முடியாதவரை மதுரைக்கு பஸ்ஸில் ஏற்ற முடியாது. கார் பிடித்தால் ஒரு வாரக் கூலி ஒரே நாளில் போய்விடும். இரண்டொரு தடவை போவோம், அப்புறம் நின்றுவிடும். வாதம் வந்தவருக்கு முதல் மூன்று மாதத்தில்தான் கை கால் அதிகமாகத் தேறும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். எங்கள் வீடுகளில் அந்த மூன்று மாதமும் வீணாகப் போகிறது. அந்த நேரத்தில் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறவர்கள்தான் வாசலுக்கு வருகிறார்கள்.

விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கிவிடும். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் படுத்த நிலையிலேயே கஞ்சி புகட்டினால், அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டிலையும் கக்கூஸையும் பார்த்துத்தான் சொல்லித்தர முடியும். வார்டில் கம்பியைப் பிடித்து நடந்தவர், வீட்டு நிலைப்படியைத் தாண்ட முடியாமல் விழுகிறார்.

பேச்சு போனவர்கள் நிலைமை இன்னும் மோசம். மற்றவர் சொல்வது புரிந்தும் பதில் வராமல் தவிப்பவரை, புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து, வீட்டில் அவரோடு பேசுவதையே விட்டுவிடுகிறார்கள். அவருக்கு வேண்டியது ஒரு பேச்சுப் பயிற்சியாளர். எங்கள் பக்கம் அப்படி ஒருவர் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலேயே வீட்டு பிசியோதெரபி இருக்கிறது. அதன் தன்னார்வலர் அக்காமார் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீடு தேடி வந்து தருகிறார்கள். ஆனால் எந்த வீட்டுக்கு யார் டிஸ்சார்ஜ் ஆகி வந்திருக்கிறார் என்பது வட்டார பிசியோதெரபிஸ்ட்டுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், ஒன்றியத்தின் அத்தனை ஊர்களையும் ஒருவரே சுற்றுவது ஆகிற காரியமில்லை. அவரை நாங்கள் குறை சொல்லவில்லை.

மாவட்ட சுகாதாரச் சங்கத்தின் தலைவராகவும் இருக்கும் தாங்கள், டிஸ்சார்ஜ் ஆகிற அன்றே நோயாளியின் விவரம் வட்டார மருத்துவ அலுவலருக்குப் போய்ச் சேரவும், ஒரு வாரத்துக்குள் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரவும் உத்தரவிட வேண்டுகிறோம். மற்றது தாமதமானாலும் இது உடனே நடக்க வேண்டும். தூக்குவது, புரட்டுவது, ஊட்டுவது எல்லாவற்றையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் வைத்து, கூட இருப்பவரையே செய்ய வைத்துப் பழக்க வேண்டும். கூடுதல் பிசியோதெரபிஸ்ட்டுகளும் தேவை. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரையும், சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசைந்து சாப்பிடவும் திரும்பப் பழக்கும் செயல்முறை சிகிச்சையாளர் ஒருவரையும், பேரையூர், உசிலம்பட்டி வட்டங்களுக்குப் பொதுவாகவாவது, வண்டி வசதியோடு நியமிக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

குடும்பத்தாரின் சம்மதத்தோடு தயாரித்த நோயாளிகள் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம். டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதம் முடியாதவர்கள் யார் என்று அதில் குறித்திருக்கிறோம். முதலில் அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சேடபட்டி ஒன்றிய நோயாளிகளின் குடும்பத்தினர்